நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு நெடும்பயணம்

“வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்.”

நம் நாட்டு வீடுகளில் முதியவர்களைப் பற்றி மிக எளிதாகச் சொல்லப்படும் தொடர் இது. முழங்கால் வலிக்கும் இதே விடை; பசியின்மைக்கும் இதே விடை; இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பதற்கும் இதே விடை. நாளிதழை ஒரு வரி விடாமல் படித்துவந்தவர், இப்போது அதைப் பிரிக்காமலேயே மேசைமேல் வைத்துவிடுகிறார். பேரப்பிள்ளைகள் வந்தால் வாசல்வரை ஓடிவந்தவர், இப்போது அறையைவிட்டு எழுந்து வருவதில்லை. இவற்றையெல்லாம் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் மருத்துவர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. முதுமை இயற்கை; மனச்சோர்வு நோய். நோய் என்றால் அதைக் கண்டறியவும் முடியும், தணிக்கவும் முடியும். அவ்வாறு தணிக்கும் முயற்சிகளில் அண்மைக் காலமாக உலகின் பல பகுதிகளில் ஆராயப்பட்டுவரும் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. இளைஞர்களின் விளையாட்டுப் பொருளாக நாம் அறிந்த ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ எனப்படும் மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பம், முதியவர்களின் மனத்துக்கு என்ன செய்ய முடியும்? எதைச் செய்ய முடியாது? அதற்காகச் செலவிடும் பணம் தகுமா? இம்மூன்று வினாக்களுக்கும் நிதானமாக விடை தேடுவோம்.

எண்கள் சொல்லும் செய்தி

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். அந்த எண்ணிக்கை அதன்பின் வளர்ந்துகொண்டே வருகிறது. உலக அளவில் 2030 ஆம் ஆண்டில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருப்பார் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

நம் நாட்டு முதியோரின் நிலையை அறிய மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18 இல் ஒரு பேராய்வை நடத்தியது. 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. அதாவது, ஏறத்தாழ பன்னிரண்டு முதியவர்களில் ஒருவர். ஆனால் தமக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார் என்று தாமே தெரிவித்தவர்கள் 0.8 விழுக்காட்டினர் மட்டுமே.

வங்கியில் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துப் பழகிய எவருக்கும் இந்த இரண்டு எண்களுக்கிடையே உள்ள இடைவெளி உறுத்தும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே கணக்கில் வந்திருக்கிறது; மீதி ஒன்பது பங்கு எந்தப் பேரேட்டிலும் பதியப்படாமல் வீடுகளுக்குள்ளேயே கிடக்கிறது. பதியப்படாத கடன் அடைவதில்லை, வளரத்தான் செய்யும். உலக அளவில் தற்கொலையால் நேரும் இறப்புகளில் கால் பங்குக்கும் சற்று மேல் 60 வயதைக் கடந்தோருடையவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருப்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். “அப்படித்தான் இருக்கும்” என்ற தொடர் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது அப்போது விளங்கும்.

முதியவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடல்வலி, உறக்கமின்மை, எடை குறைதல், எரிச்சல், மறதி, எதிலும் நாட்டமின்மை என்று வேறு வேடங்களில் வருகிறது. மறதி நோயோ என்று அஞ்சி அழைத்துச் செல்லப்படும் சிலருக்கு, உண்மையில் இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டுக் குறைபாடும் வைட்டமின் பி12 குறைவும்கூட இதே தோற்றம் காட்டுவதுண்டு. ஆகவே முதற்படி கருவி வாங்குவதன்று, மருத்துவரைக் காண்பதே. முதியோருக்கென்று 1980களில் உருவாக்கப்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்படும் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவில் ஆம், இல்லை என்று விடையளிக்கக்கூடிய பதினைந்து வினாக்களே உள்ளன. சில நிமிடங்களில் முடியக்கூடிய அந்தச் சோதனை, ஆண்டுக்கணக்கான புறக்கணிப்பை முடிவுக்குக் கொண்டுவரலாம்.

மூடிய கதவும் திறக்கும் சாளரமும்

வங்கிக் கிளைகளில் பணியாற்றுவோர் அனைவருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கணக்கில் ஒரு பரிவர்த்தனைகூட நிகழாத மாதத்திலும் பாஸ்புக்கில் பதிவு செய்ய வரும் முதியவர்கள். அவர்களுக்குத் தேவை பதிவன்று என்பதைக் கவுன்டரில் இருப்பவர் விரைவிலேயே புரிந்துகொள்வார். சட்டையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு புறப்பட ஒரு காரணம். பெயர் சொல்லி நலம் விசாரிக்க ஒரு முகம். வரிசையில் பக்கத்தில் நிற்பவரோடு பேச ஐந்து நிமிடம். நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் தருவதற்காக வரும் ஓய்வூதியர்கள், பழைய அலுவலக நண்பர்களைக் கிளையில் கண்டு கைகுலுக்கி மகிழ்வதும் அப்படிப்பட்டதே.

2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் அறிமுகமானது. இன்று வீட்டிலிருந்தே கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்றிதழ் அளித்துவிடலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு வாயிலிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நடக்க இயலாதவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் இவை பேருதவி. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எனினும் தொழில்நுட்பம் ஒரு நடையை மிச்சப்படுத்தும்போது, அந்த நடையில் கிடைத்த நான்கு பேர் முகத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்திவிடுகிறது. ஒரு கதவை மூடிய அதே தொழில்நுட்பம் வேறொரு சாளரத்தைத் திறக்க முடியுமா என்று கேட்பது, ஆகவே, நியாயமான கேள்விதான்.

படப்பெட்டியிலிருந்து மெய்நிகர் உலகுக்கு

திருவிழாக்களில் காசு கொடுத்து, வட்டத் துளையில் கண்ணை வைத்து, தாஜ்மகாலையும் தில்லி தர்பாரையும் பார்த்த பயாஸ்கோப் பெட்டியை இன்றைய முதியவர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மெய்நிகர் உண்மைக் கருவியை அந்தப் பெட்டியின் கொள்ளுப்பேரன் என்றே சொல்லலாம்.

இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் காண்கிறது என்பதை 1838 இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் விளக்கினார். 1968 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட், தலையை அசைத்தால் காட்சியும் அதற்கேற்ப மாறும் கருவியை உருவாக்கினார். அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட வேண்டிய அளவுக்குக் கனமாக இருந்தது. இன்றைய கருவி ஏறக்குறைய அரைக் கிலோ எடையுடன் தலையில் அணியும் கண்ணாடிபோல் வந்துவிட்டது.

அதனுள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வில்லையும் திரையும் உண்டு. தலை இடப்புறம் திரும்பியதை உணரிகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் அறிந்து, இடப்புறக் காட்சியைத் திரையில் கொண்டுவருகின்றன. மேலே பார்த்தால் வானம். கீழே பார்த்தால் தரை. பின்னால் திரும்பினால் வந்த வழி. இதனால்தான் தொலைக்காட்சியைப் பார்க்கிறோம் என்று சொல்லும் நாம், இக்கருவியை அணிந்தவுடன் அங்கே இருக்கிறோம் என்று உணர்கிறோம். இவ்விரண்டு உணர்வுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடே மருத்துவ ஆய்வாளர்களை ஈர்த்தது.

1995 இல் அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் குழுவினர் உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு மெய்நிகர் காட்சிகள்மூலம் சிகிச்சை அளித்து, அச்சம் குறைவதைக் காட்டினர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயமுற்ற நோயாளிகளுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும் வேளையில் பனிபடர்ந்த மெய்நிகர் உலகைக் காட்டி வலியைத் தணித்தனர். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான ஒரு மெய்நிகர் சிகிச்சைக்கு 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அந்த அனுமதி முதுகுவலிக்கே உரியது, மனச்சோர்வுக்கன்று என்பதை விளம்பரங்களைப் படிக்கும்போது நினைவில் வைத்திருப்பது நல்லது.

மனம் ஏன் இளகுகிறது?

ஒரு காட்சி மனத்தை எப்படி மாற்ற முடியும் என்ற ஐயம் இயல்பானதே. 1984 இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதற்கு ஒரு விடை. பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 23 இணை நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஒவ்வோர் இணையிலும் ஒருவரின் சாளரத்துக்கு வெளியே மரங்கள். மற்றவரின் சாளரத்துக்கு வெளியே செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் விரைவாக வீடு திரும்பினர். வலிநீக்கும் மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்குச் சாளரம் எவ்வளவு முக்கியமோ, வீட்டைவிட்டு வெளியேற முடியாதவருக்கு மெய்நிகர் காட்சி அவ்வளவு முக்கியமாகலாம் என்ற எண்ணத்துக்கு இதுவே அடிப்படை.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2020 இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. அலுவலகப் பொருள்கள் விற்கும் நிறுவனத்தில் தாம் செய்யும் வேலையை ஒருவர் விவரிக்கும் காணொளியைக் காட்டி, பங்கேற்றவர்களை முதலில் சலிப்படையச் செய்தனர். பிறகு கடலடிப் பவளப்பாறைக் காட்சிகளைச் சிலருக்குத் தொலைக்காட்சியிலும் சிலருக்கு மெய்நிகர் கருவியிலும் காட்டினர். எந்த வழியில் பார்த்தாலும் சலிப்பும் சோர்வும் குறைந்தன. தாமே மீன்களோடு ஊடாட வாய்ப்பளித்த மெய்நிகர் காட்சியில் மட்டும் மகிழ்ச்சியும் கூடியது. பங்கேற்றவர்கள் முதியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கருவி இல்லாத வீட்டில் தொலைக்காட்சியில் காட்டும் கடலும் பயன் தரும் என்பது ஒன்று. வெறுமனே பார்ப்பதைவிட ஈடுபடுவது மேல் என்பது மற்றொன்று.

மனச்சோர்வு சிகிச்சையில் ஏற்கெனவே வேரூன்றிய இரண்டு முறைகளோடும் இது பொருந்துகிறது. முதலாவது, செயலூக்கம். சோர்ந்த மனம் செயலைக் குறைக்கிறது. செயல் குறையக் குறைய மனம் மேலும் சோர்கிறது. 1970களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் இந்தச் சுழலை விளக்கி, இன்பம் தரும் சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பதன்மூலம் அதை உடைக்கலாம் என்றனர். இரண்டாவது, நினைவுமீட்பு. முதியவர் பழங்கதை பேசுவது தளர்ச்சியின் அடையாளமன்று, தம் வாழ்வைத் தொகுத்துப் பார்க்கும் மனத்தின் இயல்பான பணி என்று 1963 இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க உளநோய் மருத்துவர் எழுதினார். அதற்குமுன் பழம்பேச்சைத் தடுக்க வேண்டும் என்றே பலரும் கருதிவந்தனர்.

எல்லை தாண்டிய நினைவுகள்

நினைவுமீட்புக்கு மெய்நிகர் தொழில்நுட்பம் துணைநின்றதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டு உண்டு. 1947 பிரிவினையின்போது ஊரைவிட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் மீண்டும் அந்த மண்ணை மிதித்ததேயில்லை. அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று 80, 90 வயதில் இருக்கிறார்கள். எல்லை தாண்டிச் செல்ல விசாவும் உடல்நலமும் இடம் தருவதில்லை.

2018 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இந்திய, பாகிஸ்தான், பிரிட்டன் வழி இளைஞர்கள் சிலர் ‘புராஜெக்ட் தாஸ்தான்’ என்ற முயற்சியைத் தொடங்கினர். முதியவரிடம் அவர் ஊரைப் பற்றிக் கேட்டறிவது முதல் வேலை: எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எந்த வழிபாட்டிடம், வீட்டெதிரே என்ன மரம். பிறகு எல்லைக்கு அப்பாலுள்ள தன்னார்வலர்கள் அந்த ஊரைத் தேடிச் சென்று, சுற்றிலும் பார்க்கக்கூடிய 360 பாகைக் காணொளியாகப் படம்பிடித்தனர். இறுதியில் அந்த முதியவரின் கண்களில் கருவியை அணிவித்தனர். பிரிவினையின் 75 ஆம் ஆண்டையொட்டி 75 பேரை அவர்களுடைய ஊர்களுக்கு இவ்வாறு அழைத்துச் செல்வது அவர்களின் குறிக்கோளாக இருந்தது.

இது மருத்துவ சிகிச்சையாகத் திட்டமிடப்பட்டதன்று. ஆனால் சிகிச்சையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அதில் உள்ளது. கருவியை அணிவிப்பதற்கு முன்பே பயன் தொடங்கிவிட்டது. ஓர் இளைஞர் எதிரே அமர்ந்து, “உங்கள் வீடு எப்படி இருந்தது?” என்று கேட்டு, மணிக்கணக்கில் பொறுமையாகக் குறிப்பெடுத்தாரே, அப்போதே அந்த முதியவரின் வாழ்க்கை ஒருவருக்கு முக்கியமாகிவிட்டது.

ஆய்வுகள் காட்டும் நன்மை

கனடாவின் டொரொன்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்டாரியோ மாநிலத்தின் நான்கு இடங்களைச் சேர்ந்த 66 முதியவர்கள் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது எண்பதைத் தாண்டியது. பலருக்கு நினைவாற்றல் குறைபாடோ உடல் இயக்கக் குறைபாடோ இருந்தது. கடற்கரை, காடு போன்ற இயற்கைக் காட்சிகளைச் சில நிமிடங்கள் கண்ட அவர்களில் பெரும்பாலோர் கருவியை எளிதில் ஏற்றுக்கொண்டனர். தளர்வும் அமைதியும் உணர்ந்தனர். மீண்டும் பார்க்க விரும்பினர். இந்த வயதில் இதெல்லாம் ஒத்துவராது என்ற எண்ணம் தவறு என்பதை இது காட்டியது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று, 17 முதியோர் குடியிருப்புகளில் 65 முதல் 103 வயது வரையிலான 245 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தம் மனநிலை மேம்பட்டதாகவும், ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தனிமை உணர்வு குறைந்ததாகவும் கூறினர். கண்ட காட்சிகளைப் பற்றிப் பின்னர் பேசிக்கொண்டது தங்களிடையே உறவை வளர்த்தது என்று குடியிருப்போரும் பராமரிப்பாளர்களும் ஒருசேரத் தெரிவித்தனர்.

இவற்றை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, முதியோருக்கான மெய்நிகர் சேவையை விற்கும் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து நடத்தப்பட்டது. இத்துறை ஆய்வுகள் பலவற்றில் பங்கேற்போர் எண்ணிக்கை சிறிது. கண்காணிக்கும் காலம் குறுகியது. கருவியைக் கழற்றிய உடனே மனம் இலேசாக இருப்பது ஒன்று. ஆறு மாதம் கழித்தும் நோய் தணிந்திருப்பது வேறு. வைப்புத்தொகையின் ஒருநாள் வட்டியை வைத்து முதிர்வுத்தொகையை அறிவிக்க முடியாதல்லவா? மெய்நிகர் தொழில்நுட்பம் நல்ல துணை. மருந்துக்கும் உளவியல் ஆலோசனைக்கும் அது மாற்றன்று.

யாத்திரை என்னும் ஆசை

நம் நாட்டு முதியவர்களுக்குப் பொருத்தமான காட்சி எது? அயல்நாட்டு ஆய்வுகளில் பவளப்பாறையும் பாரிஸ் நகரமும் இடம்பெறலாம். இங்கே பலரின் நிறைவேறாத ஆசை யாத்திரை. கேதார்நாத் கோயில் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. இதயநோய் உள்ளவருக்கும் மூட்டு தேய்ந்தவருக்கும் அந்தப் பயணம் எளிதன்று. காசி விசுவநாதர் கோயில், உஜ்ஜயினி மகாகாளேசுவரர் கோயில் போன்ற இடங்களில் வழிபாட்டு நிகழ்வுகளை மெய்நிகர் கருவியில் காணும் ஏற்பாடு வந்துள்ளது. பொற்கோயில், அஜ்மீர், வேளாங்கண்ணி, சரவணபெளகுளா என்று ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் இடம் இருக்கும். அது என்ன என்று கேட்பதே நல்ல தொடக்கம்.

யாத்திரை மட்டுமன்று. 2022 ஜூலையில் பத்து நகரங்களில் தொடங்கிய கூகுள் தெருக்காட்சி வசதியின்மூலம், முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஊரின் தெருவை மீண்டும் பார்க்கலாம். ரயில்வேயில் வேலை செய்தவருக்கு நீலகிரி மலைரயில், ஆசிரியராக இருந்தவருக்குத் தாம் கற்பித்த பள்ளி என்று காட்சி அவரவர் வாழ்வோடு பொருந்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ முயல விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

• வலிப்பு நோய், கடுமையான தலைசுற்றல், அண்மையில் நடந்த கண் அறுவை சிகிச்சை, கழுத்தெலும்புத் தேய்மானம், இதயத்தில் பேஸ்மேக்கர், மாயத்தோற்றங்கள் காணும் நிலை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அணிவிக்கக் கூடாது.

• கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் அமர்ந்தே பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பது விழுவதற்கு வழி.

• முதல் முறை ஐந்து நிமிடம் போதும். ஓடும், பறக்கும் காட்சிகளைத் தவிர்த்து, அசையாத இடத்திலிருந்து பார்க்கும் காட்சிகளைத் தெரிவு செய்க. கண் நகர்வதாகச் சொல்ல, உட்செவி நிற்பதாகச் சொல்ல, அந்த முரண்பாட்டால் குமட்டல் வரும். வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

• மூக்குக்கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் அணிந்தபடியே பயன்படுத்த இயலுமா என்று வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும். பலர் பயன்படுத்தும் கருவியை ஒவ்வொரு முறையும் துடைத்துத் தூய்மை செய்ய வேண்டும்.

• பழைய நினைவுகள் கண்ணீரையும் கொண்டுவரும். மறைந்த துணைவருடன் சென்ற இடத்தை முதல் நாளே காட்ட வேண்டாம். விருப்பம் கேட்டு, ஒப்புதல் பெற்று, பக்கத்திலேயே அமர்ந்திருங்கள்.

செலவும் பயனும்

கைப்பேசியைப் பொருத்திப் பார்க்கும் எளிய பெட்டிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. தனித்து இயங்கும் தரமான கருவிகள் பல்லாயிரம் ரூபாய் விலையுடையவை. ஒரு குடும்பத்துக்கு அது பெருஞ்செலவாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அடுக்ககக் குடியிருப்போர் சங்கமோ, ஓய்வூதியர் சங்கமோ, முதியோர் இல்லமோ வாங்கினால் கணக்கு மாறும். எடுத்துக்காட்டாக, 40,000 ரூபாய்க் கருவி ஒன்றை 20 முதியவர்கள் வாரம் இருமுறை வீதம் ஆண்டுக்கு 50 வாரம் பயன்படுத்தினால், மூன்று ஆண்டுகளில் 6,000 அமர்வுகள். ஓர் அமர்வுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. தேநீர்ச் செலவைவிட அது கூடுதலன்று. கூடவே அமர்ந்திருக்கும் மனிதரின் நேரமே இதில் உண்மையான முதலீடு. அந்த முதலீடு இல்லையெனில் கருவி அலமாரியில் தூசுபடியும்.

ஒரு வங்கி அலுவலர் என்ற முறையில் மூன்று எச்சரிக்கைகளையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். முதலாவது, இக்கருவிகளின் செயலிகள் பல மாதச் சந்தா கேட்பவை. முதியவரின் கணக்கிலோ அட்டையிலோ தானியங்கிப் பற்று ஒப்புதல் அளிக்கும் முன் அவருக்கு விளக்குங்கள். தொகை எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பைப் படித்து, வேண்டாததை நீக்கிவிடுங்கள். இரண்டாவது, கருவியை நிறுவித் தருகிறேன் என்று எவர் வந்தாலும் கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றைத் தரக் கூடாது. தனிமையே மோசடிக்காரர்களுக்கு மிக வசதியான வாசல். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள், “யாரிடமும் சொல்லாதே” என்றுதான் முதலில் சொல்கிறார்கள். நாள்தோறும் பேச ஒருவர் இருக்கும் முதியவரிடம் அந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானத்தைக் கருதாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக் காப்பு 2024 அக்டோபர் முதல் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. உங்கள் பாலிசியின் நிபந்தனைகளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தேவை வரும் நாளில் படிப்பதைவிட இன்று படிப்பது நல்லது.

கழற்றிய பின் தொடங்குவது

இத்தொழில்நுட்பத்தின் சிறப்பு திரையில் இல்லை. பத்து நிமிடம் கங்கைக் கரையில் இருந்துவிட்டுக் கருவியைக் கழற்றும் முதியவர், பெரும்பாலும் உடனே எதையாவது சொல்ல விரும்புவார். “நான் ஒருமுறை இங்கே போயிருக்கிறேன்...” என்று தொடங்குவார். அந்த வாக்கியம் முடியும்வரை எதிரே ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கேட்க ஒருவர் இருந்தால், அரைக் கிலோ பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒரு பேச்சைத் திறந்துவைக்கும் சாவியாகும். கேட்க எவரும் இல்லையென்றால், அது முதியவரை இன்னும் அமைதியாக ஓர் அறையில் உட்காரவைக்கும் இன்னொரு பெட்டியாகவே முடியும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கும் பெரியவரின் பேச்சு குறைந்திருக்கிறதா, உணவு குறைந்திருக்கிறதா, உறக்கம் குறைந்திருக்கிறதா என்று இந்த வாரமே கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் அந்நிலை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ கட்டணமில்லாச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு காதில் விழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வாழ்நாள் முழுதும் பிறருக்காகச் சேமித்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக நாம் ஒதுக்க வேண்டிய நேரமோ நாளுக்கு அரை மணிதான்.